விளையாட்டிலும் சாதியா? ஆலங்குளத்தில் ஒரு சனி, ஞாயிறு

"பயலுக எந்நேரமும் போனும் கையுமா சுட்டுக்கிட்டே கெடக்கானுக. நீங்க கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

எங்கள் படிப்பகத்துக்கு இந்தப் புகார் வராத வாரமே இல்லை. பயர் ஆபீசுக்குப் போய்த் திரும்பும் அம்மாக்கள் சொல்கிறார்கள். லோடு ஏற்றப் போகும் அப்பாக்கள் சொல்கிறார்கள். அரசாங்கமும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தது. 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. 2021 ஜூலையில் அதே விளையாட்டு வேறு பெயரில் திரும்பியது. 2022இல் மறுபடியும் நிறுத்தினார்கள், 2023இல் மறுபடியும் வந்தது. இத்தனைக்கும் நடுவில் எங்கள் காலனிப் பையன்கள் ஒரு நாள்கூட விளையாடாமல் இருந்ததில்லை. ஒன்று போனால் இன்னொன்று.

ஆகவே, கூடவே உட்கார்ந்து விளையாடிப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தோம். நாங்கள் என்றால் ஐந்து பேர். கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி, ஒரு தங்கை. பயர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு தோழர். பி.எட். முடித்துவிட்டுப் படிப்பகத்தில் பாடம் எடுக்கும் ஒரு அக்கா. சென்னையில் கணினி வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு வந்திருந்த ஒரு தம்பி. அவருடைய பழைய லேப்டாப்தான் எங்கள் களம். பழைய லேப்டாப் என்பதால் பழைய விளையாட்டுகள்தான் அதில் ஓடும். நல்லதாகப் போயிற்று. பையன்கள் போனில் ஆடுவது சுட்டு முடித்துவிட்டு எழுந்துபோகும் ஆட்டம். இவையோ ஒரு பாத்திரமாகவே மாறி, அதன் வாழ்க்கையை வாழ்ந்து, முடிவுகள் எடுக்க வேண்டிய ஆட்டங்கள்.

ஆட்டத்துக்குள் போவதற்கு முன் ஒரு சங்கதி. பையன்களின் போன்களை வாங்கிப் பார்த்தோம். எதிரணியில் வருகிறவர்களின் பெயர்களில் சாதிப் பட்டங்கள் இருந்தன. "சிங்கம்", "பரம்பரை" என்றெல்லாம் அடைமொழிகள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. கையிலிருந்து கயிற்றை அவிழ்த்தாலும் அது போனுக்குள் போய் ஐடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விளையாட்டு என்பது சாதி இல்லாத தனி உலகம் என்று யாராவது சொன்னால், ஒரு ராத்திரி அந்தப் பெயர்ப் பட்டியலை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை, சம்பளம் வாங்கித் தோழர் வந்து சேர்ந்ததும் முதல் ஆட்டத்தைத் தொடங்கினோம். பெயர் டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ். கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009இல் வெளியிட்டது. வாள், மந்திரம், பூதம் எல்லாம் உள்ள கற்பனை உலகம். ஆட்டம் தொடங்கும்போது ஆறு பிறப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிரபுவின் பிள்ளையாகப் பிறக்கலாம். நகரத்துக்குள்ளேயே சுவர் எழுப்பி ஒதுக்கிவைத்த சேரியில் எல்ஃப் என்ற இனத்தவராகப் பிறக்கலாம். மலைக்கு அடியில் இருக்கும் ஓர்சமார் என்ற குள்ளர்களின் நகரத்தில் சாதியற்றவராகப் பிறக்கலாம்.

கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் எங்களுக்கு வேறு எதையும் தேர்ந்தெடுக்கத் தோன்றவில்லை.

ஓர்சமாரில் சாதி என்பது உவமை அல்ல, சாதி என்றே பெயர் சொல்லி வருகிறது. மேலே பிரபுக்கள், அடுத்துப் போர்வீரர்கள், பிறகு கொல்லர்கள், கைவினைஞர்கள், சுரங்கத் தொழிலாளிகள், வணிகர்கள், பணியாளர்கள். ஒவ்வொருவரும் பிறந்த சாதியின் தொழிலைத்தான் செய்ய வேண்டும். இவர்கள் எல்லாருக்கும் வெளியே சாதியற்றவர்கள். பிறந்ததும் முகத்தில் சூடுபோட்டது மாதிரி ஓர் அடையாளம் குத்திவிடுகிறார்கள். சொந்தத் தொழில் கிடையாது, ஆயுதம் ஏந்தும் உரிமை கிடையாது, முன்னோர்கள் கைவிட்டவர்கள் என்ற பேச்சு வேறு. அவர்கள் வாழும் இடத்தின் பெயர் டஸ்ட் டவுன். எங்கள் கல்லூரித் தம்பி உடனே அதற்குப் "புழுதிக் காலனி" என்று பெயர் வைத்துவிட்டார். ஏறுவோருக்கு மேலே மதிப்பும் இறங்குவோருக்குக் கீழே இழிவும் என்று அடுக்கி வைத்த சமத்துவமின்மை பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியதைப் படிப்பகத்தில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அன்றைக்குப் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் திரையைப் பார்த்து, "அண்ணே, இதுல பணியாள் சாதிக்காரன்கூட நம்மளத் திட்டுறான்!" என்றான். பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

கதை இப்படிப் போகிறது. நகரத்தில் பெரிய மல்யுத்தக் களம் மாதிரி ஒரு போட்டி. நாம் பணம் கட்டியிருக்கும் போர்வீரன் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான். வேறு வழியில்லாமல் அவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு, தலைக்கவசத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நாமே இறங்குகிறோம். ஒவ்வொருவராக வீழ்த்தி வெற்றியும் பெறுகிறோம். கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அந்த நேரத்தில் போதையிலிருந்து எழுந்து அந்த உண்மையான வீரன் தள்ளாடிக்கொண்டு வருகிறான். தலைக்கவசம் கழல்கிறது. முகத்தில் அடையாளம். ஒரு நொடி முன்னால் கைதட்டிய அதே கூட்டம், களம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கத்துகிறது. வெற்றி செல்லாது. சிறை.

கர்ணனிடம் குலம் கேட்ட சபை நமக்குத் தெரியும். ஆனால் எங்களுக்கு அப்போது நினைவுக்கு வந்தது பரோடா. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கருக்கு அந்த ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரில் தங்கினார். 11ஆம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. யார் நீ, எப்படி இங்கே நுழைந்தாய், இடத்தைத் தீட்டாக்கிவிட்டாயே என்று கேட்டது. அந்தப் பார்சிப் பெயர்தான் அவருடைய தலைக்கவசம். இன்று சென்னையில் வீடு தேடும்போது "சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு?" என்று கேட்கிறார்களே, அதுவும் தலைக்கவசத்தைக் கழற்றிப் பார்க்கும் கேள்விதான். லேப்டாப்புக்குச் சொந்தக்காரத் தம்பி அந்தக் காட்சி முடிந்து வெகுநேரம் பேசவே இல்லை.

இதே கதையில் நம் பாத்திரத்துக்கு ரிகா என்று ஓர் அக்கா. அவளுக்குப் பட்டாடையும் பாட்டும் பழக்கி, ஒரு பிரபுவுக்குப் பிள்ளை பெற்றுத் தரத் தயார் செய்கிறார்கள். ஓர்சமாரில் ஆண் குழந்தைக்கு அப்பன் சாதி, பெண் குழந்தைக்கு அம்மா சாதி. பிரபுவுக்கு அவள் மகனைப் பெற்றால் குடும்பமே மாளிகைக்குப் போகலாம். மகள் பிறந்தால் அந்தக் குழந்தையும் புழுதிக் காலனிக்குத்தான். எங்கள் தங்கைக்கு வந்தது பாருங்கள் கோபம். "பையனுக்கு வாளு, அக்காளுக்குக் கருப்பையா?" என்றார். சாதியைக் காப்பாற்றுவது அகமண முறைதான் என்று அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியாவில் கட்டுரை வாசித்தார். இந்த ஆட்டத்தை எழுதியவர்களும் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். மேல்சாதி ஆண் கீழே கைநீட்டினால் அது அங்கே வழக்கம். சாதியற்ற ஆண் ஒருவன் பிரபு வீட்டுப் பெண்ணை விரும்பினால் என்ன ஆகும் என்பதை அந்தக் கதை சொல்லவே இல்லை. உடுமலைப்பேட்டையில் 2016இல் பட்டப்பகலில் நடந்ததைப் பார்த்த நமக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதும் இல்லை.

தம்பி ஏற்கெனவே பாதி ஆடி வைத்திருந்தார். அதனால் ராத்திரி பதினோரு மணிக்கு நேராக அரியணைச் சண்டைக்குப் போனோம். அதற்குள் நம் பாத்திரம் கிரே வார்டன் என்ற படையில் சேர்ந்து, ஊரைவிட்டுப் போய், பெரிய ஆளாகத் திரும்பி வந்திருக்கிறது. ராஜா செத்துவிட்டார். இரண்டு பேர் போட்டி. ஹாரோமான்ட் என்பவர் வயதானவர், நேர்மையானவர், வாக்குத் தவறாதவர், பழைய வழக்கம் மாறக் கூடாது என்பவர். பெலன் என்பவன் இளவரசன், சூழ்ச்சிக்காரன், அண்ணன் சாவுக்குக் காரணமானவன் என்று ஊரே பேசுகிறது. நல்லவரைத் தேர்ந்தெடுத்தால் சாதியற்றவர்கள் மேல் கட்டுப்பாடு இன்னும் இறுகும். கெட்டவனைத் தேர்ந்தெடுத்தால் அவன் சபையைக் கலைத்துச் சர்வாதிகாரி ஆவான். ஆனால் வெளியுலகக் கதவைத் திறப்பான், சாதியற்றவர்களுக்குச் சில உரிமைகளும் தருவான்.

எங்களுக்குள் ஓட்டெடுத்தோம். பெலனுக்கு மூன்று, ஹாரோமான்டுக்கு இரண்டு. சண்டை பன்னிரண்டரை மணி வரை ஓடியது. "கொலைகாரனுக்கு ஓட்டுப் போட்டுட்டு அப்புறம் எப்படி நியாயம் பேசுவ?" என்றார் அக்கா. "நல்லவரா இருந்து நம்மளச் சேரியிலேயே வச்சிருந்தா அந்த நல்லத நாம என்ன செய்யிறது?" என்றார் தம்பி. திண்ணையில் படுத்திருந்த தாத்தா ஒருவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "எங்க காலத்து முதலாளியும் நல்ல மனுசன்தான்பா. கல்யாணம், கருமாதின்னா காசு குடுப்பாரு. அதட்டிக்கூடப் பேச மாட்டாரு. ஆனா டீக்கடையில நம்ம டம்ளரு தனியாத்தான் தொங்கும். அதப் பாத்துட்டு அவரும் ஒண்ணும் சொன்னதில்ல."

அதற்குப் பிறகு ஹாரோமான்டுக்குப் போட்ட இரண்டு ஓட்டும் ஆட்டம் கண்டது உண்மை. சாதி கெட்டவர்களால் மட்டும் நடப்பதில்லை. அது நல்லவர்களுடைய ஒழுங்கு. அதனால்தான் இத்தனை காலம் நிற்கிறது. ஒரு கற்பனை விளையாட்டு இதை இவ்வளவு சங்கடமாக நம் முன் வைக்கிறது என்பதற்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் எங்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறு கேள்வி. ஏன் இரண்டே ராஜாக்கள்? நாமே புழுதிக் காலனியில் பிறந்த ஆள். கையில் வாள் இருக்கிறது, பேர் இருக்கிறது, படை இருக்கிறது. அந்தக் காலனிக்குப் போய் ஜனங்களைக் கூட்டி, வா, எல்லாரும் சேர்ந்து அந்தக் களத்தில் இறங்குவோம் என்று சொல்ல ஒரு பொத்தான்கூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டோம், இல்லை. நாம் எந்த மேல்சாதிக்காரனை ராஜாவாக்குவது என்பது மட்டும்தான் நம் சுதந்திரம். சாதியற்றவனுக்கு இருக்கும் ஒரே விடுதலை, ஊரைவிட்டுப் படையில் சேர்ந்து போவது.

படைக்குப் போவது நமக்கும் புதிதல்ல. அம்பேத்கரின் அப்பா ராணுவத்தில் சுபேதார். பக்கத்து ராமநாதபுரச் சீமையின் தியாகி இம்மானுவேல் சேகரனும் ராணுவத்தில் இருந்தவர்தான். வித்தியாசம், அவர் திரும்பி வந்து என்ன செய்தார் என்பதில் இருக்கிறது. அரண்மனைப் பக்கம் போகவில்லை. முதுகுளத்தூர் வட்டாரத்தில் நம் ஜனங்களைத் திரட்டினார். அதற்காகத்தான் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டப்பட்டார். 1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அவர் பின்னால் ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையாக இறங்கிக் குடித்தார்கள். அவர் ஒருவர் மட்டும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது ஒரு விளையாட்டு நாயகனின் சாகசமாக முடிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டாவது ஆட்டம். அதே நிறுவனம் 2010இல் வெளியிட்ட மாஸ் எஃபெக்ட் 2. இது துப்பாக்கி ஆட்டம், விண்வெளியில் நடக்கிறது. பையன்களுக்கு இதுதான் பிடித்தது. இங்கேயும் தொடக்கத்தில் பிறப்பைக் கேட்கிறார்கள். ராணுவக் குடும்பமா, வேறு கிரகத்துக் குடியேற்றமா, பூமியில் தெருவில் வளர்ந்த அநாதையா? எதைச் சொன்னாலும் அதே கேப்டன், அதே கப்பல், அதே மரியாதை. பிறப்பு வெறும் ஒரு வரி. "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்று கேட்கும் நகரத்துக் கனவான்களின் சொர்க்கம் இதுதான்.

அந்தச் சொர்க்கத்திலும் ஒரு மூலை இருந்தது. குவேரியன் என்று ஒரு நாடோடி இனம். சொந்தக் கிரகத்தை இழந்து கப்பல்களில் அலைகிறவர்கள். பெரிய நகரம் ஒன்றில், ஒரு குவேரியன் பெண் தன் பணச் சில்லைத் திருடிவிட்டாள் என்று ஒருவன் கத்துகிறான். பக்கத்தில் போலீஸ்காரர். அவள் இல்லை என்கிறாள், யாரும் காதில் வாங்கவில்லை. நாம் போய் விசாரித்தால், அவனே ஒரு கடையில் மறந்து விட்டுவிட்டு வந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்பானா? "இவள் திருடியிருக்கக்கூடும்தானே" என்கிறான். போலீஸ்காரரும் சும்மா இல்லை. நிரந்தர முகவரி காட்டாவிட்டால் ஊர்சுற்றி என்று உள்ளே போட்டுவிடுவேன் என்று அவளையே மிரட்டுகிறார்.

அக்கா விளையாட்டை நிறுத்தச் சொல்லி, 1871இன் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் பற்றி பையன்களுக்குச் சொன்னார். பிறப்பையே குற்றமாக எழுதி வைத்த சட்டம். அது ஒழிக்கப்பட்ட பின்னும் எங்கேயாவது நகை காணோம் என்றால் குறவர் குடியிருப்புக்கு ஜீப் போவது இன்னும் நிற்கவில்லை. ஆட்டத்தில் கேப்டன் இரண்டு வார்த்தை சூடாகப் பேசினால் இருவரும் வாயடைத்துப் போகிறார்கள். நம் தெருவுக்குக் கேப்டன் வர மாட்டார். பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இருக்கிறது. நம்மீது பொய் வழக்குப் போடுவதும் அதன்படி குற்றம். அதைப் படித்துத் தெரிந்து வைத்திருக்கிற ஒரு பிள்ளை தெருவுக்கு ஒன்று வேண்டும்.

மதியம் பையன்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டார்கள். திரையில் ஏதோ வெடித்தது. படிப்பகத்துக்கு எதிர்வீட்டுப் பெரியம்மா பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தார். பின்னாலேயே இன்னும் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமை, பயர் ஆபீஸ் லீவு என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் வெடிச்சத்தம் கேட்டால் புகை எந்தத் திசையில் என்று பார்ப்பதும், நம் வீட்டு ஆள் எந்த ஆபீசுக்குப் போயிருக்கிறது என்று எண்ணுவதும் இந்த வட்டாரத்தில் யாரும் யோசித்துச் செய்வதல்ல. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி என்று எத்தனை ஊர்கள். சாகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற கூலிக் குடும்பங்கள். விளையாட்டில் செத்தவர் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருவார். பையன்கள் தாங்களாகவே சத்தத்தைக் குறைத்தார்கள். தோழர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவர் மருந்து செலுத்தும் அறைக்குப் போக வேண்டும்.

கடைசிக் கட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாஸ் எஃபெக்ட் 2இன் முடிவு ஒரு தற்கொலைப் படையெடுப்பு. அதில் யார் பிழைப்பார்கள் என்பதைத் துப்பாக்கி மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு முன்னால் நீங்கள் ஒவ்வொரு கூட்டாளியின் சொந்தச் சிக்கலையும் போய்க் கேட்டீர்களா, கூட நின்று தீர்த்தீர்களா, யாருக்கு எந்த வேலை சரிவரும் என்று தெரிந்து கொடுத்தீர்களா என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அவசரப்பட்டுப் போனால் ஆட்கள் ஒவ்வொருவராகச் சாவார்கள். கேப்டனே சாகலாம். முந்தைய இரவு நாங்கள் தேடிய பொத்தானில் பாதி இங்கே இருந்தது. இயக்க வேலை என்பதும் இதுதானே? மேடையில் பேசுவது கடைசி நாள் வேலை. அதற்கு முன் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, ரேஷன் கார்டு, கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அதைச் செய்யாதவர் பின்னால் யாரும் வர மாட்டார்கள்.

தம்பி தங்கைகளே, விளையாடாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் படிப்பகத்தில் இனி மாதத்தில் ஒரு ஞாயிறு இப்படித்தான் போகப் போகிறது. ஆட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் மூன்று கேள்விகளைப் பேசுவது என்று வைத்திருக்கிறோம். இந்த உலகத்தில் பிறப்பால் யார் மேலே, யார் கீழே? கீழே இருக்கிறவர் வெளியேற என்ன வழி கொடுத்திருக்கிறார்கள்? கொடுக்காமல் விட்ட வழி எது?

மூன்றாவது கேள்விக்குப் பத்தாம் வகுப்புப் பையன் கரும்பலகையில் எழுதிய பதில் இன்னும் அழிக்கப்படவில்லை: "ஓர்சமாரில் படிப்பகம் இல்லை." அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "சங்கமும் இல்லை" என்று யாரோ சேர்த்திருக்கிறார்கள். சென்னைத் தம்பி அடுத்த முறை வரும்போது ஒரு சின்ன ஆட்டத்தையாவது நாமே செய்ய முடியுமா என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். கதை எழுத எங்களிடம் ஆள் இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த தோழர்கள், படம் வரையத் தெரிந்த தோழர்கள் இருந்தால் ஆலங்குளத்துக்கு வாருங்கள். திண்ணையில் இடம் இருக்கிறது.

ஜெய் பீம்!